தண்ணி விழுதா, அண்ணாச்சி?

குற்றாலத்தைப் பற்றிய கட்டுரையில், அருவிகளைச் சொல்லும் பகுதிக்கும் போக்குவரத்தைச் சொல்லும் பகுதிக்கும் நடுவில், ஒரு நாள் காலையில் இப்படி ஒரு வரி முளைத்திருந்தது: "இன்னைக்கு தண்ணி விழுதா அண்ணாச்சி?"

எல்லாரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியம் அது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டுரையையும் திறந்து திருத்தலாம். இந்த ஏற்பாட்டை எங்கள் பக்கத்து ஜனங்கள் தங்களுக்கே உரிய முறையில் புரிந்துகொண்டிருக்கிறார்கள். குற்றாலத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதில் எழுத இடமும் இருக்கிறது, அப்படியானால் உள்ளே யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும், கேட்டால் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனி பிறந்து சாரல் ஆரம்பித்ததும் ஆட்கள் கட்டுரைக்குள் வந்துவிடுவார்கள். 'ஐந்தருவியில் குளிக்கத் தடை' என்று ஒருவர் எழுதுவார். 'மதியமே எடுத்தாச்சு' என்று அதற்குக் கீழேயே இன்னொருவர் எழுதுவார். நடுவில் ஒருவர் ரூம் வாடகைக்கு விடுவார்.

இதையெல்லாம் துடைத்து எடுப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அந்தக் கேள்வியையும் அன்று துடைத்தேன். துடைத்துவிட்டு வழக்கம்போல அந்த ஆளின் பேச்சுப் பக்கத்துக்குப் போனேன். களஞ்சியத்தில் பெயர் பதிந்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு, வீட்டு வாசலில் தொங்கும் தபால் பெட்டி மாதிரி. புதிதாக வந்தவருக்கு அங்கே ஒரு வரவேற்பு போட வேண்டும். போட்டேன். 'கட்டுரைக்குள் கேள்வி கேட்கக் கூடாது' என்று எழுதினேன். அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மலையில் வெள்ளைக் கோடு தெரிந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்த ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆள் இல்லை. 'தண்ணீர் விழுகிறது' என்று கடைசியில் சேர்த்துவிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர் நிலத்துக்கு நான்கு எல்லை அடிப்பவள். மேலகரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்கள் இப்போதெல்லாம் கேட்பதை விட்டுவிட்டார்கள். அம்மாவும் நானுமாகத்தான் இருந்தோம். அம்மா போன பிறகு சாயங்காலம் என்ற ஒன்று எனக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. ஆபீஸ் முடிந்து வந்து பால் காய்ச்சினால், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியமே இல்லை. தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வேன், குரல் இருக்கிறதா என்று.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் மேலகரத்தைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. அதில் ஒரு எல்லை தப்பாக இருந்தது. எல்லை தப்பாக இருந்தால் எனக்குக் கை நிற்காது. திருத்தினேன். மறுநாள் யாரோ ஒருவர் 'நன்றி' என்று ஒரு சொல் போட்டிருந்தார். அந்த வாரம் முழுக்க வேலைக்கு வெளியே எனக்குக் கிடைத்த சொல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்படித்தான் உள்ளே போனேன்.

உள்ளே போய்க் கொஞ்ச நாளில் புதியவர்களை வரவேற்கும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் ஒரு பொத்தானைத் தட்டி அச்சடித்த வரவேற்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் அதற்குக் கீழே என் கையால் இரண்டு வரி எழுதுவேன். அவர் எதைத் திருத்தினாரோ அதைப் பார்த்து, அதைப் பற்றி. வருபவர்களில் பாதிப் பேர் தங்களைப் பற்றியே கட்டுரை எழுத வருவார்கள். மீதிப் பேரில் பாதி, தங்கள் தலைவரைப் பற்றி. தப்பித் தவறி ஒருவர் வந்து ஒரு குளத்தின் பெயரைச் சரியாகத் திருத்திவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு கூட ஒரு பிடி இறங்கும். மறுநாள் அவர் வரமாட்டார். அதற்கு மறுநாளும் வரமாட்டார். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற ஆளாக நான் நின்றுகொண்டே இருப்பேன், வந்தவர்கள் எல்லாரும் மண்டபத்துக்குள் போகாமல் அப்படியே தெருவோடு போய்விடுவார்கள்.

ஒரு முறை பயிலரங்கு கூட வைத்துப் பார்த்தோம். களஞ்சியத்தில் எப்படி எழுதுவது என்று நேரில் சொல்லித்தர. தென்காசியில் ஒரு சிறிய கூடம், ஞாயிற்றுக்கிழமை, டீ, சுண்டல். நிறையப் பேர் வருவதாகச் சொன்னார்கள். வெளியூரிலிருந்தும் ஆர்வமாகப் பதிந்தார்கள். நான் அதில் ஒன்றை யோசிக்கவில்லை. அது ஆடி மாதம். சீசன் உச்சத்தில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஒருவனைத் தென்காசி வரைக்கும் கூப்பிட்டுவிட்டு, கூடத்துக்குள் வந்து உட்காரச் சொன்ன ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். வந்தவர்கள் எல்லாரும் தென்காசி வழியாக நேராக அருவிக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஒருவர் மட்டும் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "முடிஞ்சிட்டா? சுண்டல் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, நிறைய.

சரி, கேள்வி கேட்டவரிடம் வருகிறேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. எங்கே என்றால், நான் எழுதிய செய்திக்குள்ளேயே, என் வரிகளுக்கு நடுவில், என் கையெழுத்துக்கு மேலே. பார்த்தால் நானே என்னிடம் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. வீட்டுல கேட்டா விழுதுன்னுதான் சொல்லுவாக, நான் வரணும்னு. மச்சான்கிட்ட கேட்டா விழலைம்பான், ஏர்போர்ட்டுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போற அலைச்சல் அவனுக்குத்தானே. அதான் பொதுவான எடத்துல கேட்டேன்."

வாய்விட்டுச் சிரித்தேன். காலி வீட்டில் என் சிரிப்பே எனக்கு அந்நியமாகக் கேட்டது. நடுநிலைமை, நடுநிலைமை என்று களஞ்சியத்தில் நாங்கள் எத்தனையோ விளக்கப் பக்கங்கள் எழுதி வைத்திருக்கிறோம். அதை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

அச்சன்புதூர்ப் பக்கம் அவருக்கு ஊர். வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. லீவு கேட்டிருக்கிறார், எந்த மாதம் தருவார்கள் என்று தெரியவில்லை, தண்ணீர் விழும்போது தந்தால் நல்லது. இதெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் கேட்பார், இப்போது சரியான இடத்தில், பேச்சுப் பக்கத்தில். நான் பதில் சொல்வேன். முதலில் மாடியிலிருந்து பார்த்துச் சொன்னேன். பிறகு எனக்கே அது போதாமல் போயிற்று. வெள்ளைக் கோடு என்றால் எவ்வளவு தண்ணீர்? குளிக்க விடுகிறார்களா? அவர் கேட்பார் என்பதற்காகக் காலையில் பஸ் ஏறிக் குற்றாலம் போய்ப் பேரருவியைப் பார்த்துவிட்டு, பிறகு தென்காசிக்கு வேலைக்கு வர ஆரம்பித்தேன். அம்மா போன பிறகு அருவிப் பக்கமே போகாமல் இருந்தவள். அம்மாவுக்கு அருவியில் நிற்கப் பயம், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அந்தக் கை இல்லாமல் நான் நிற்கத் தயாராக இல்லை. அதனால் பார்ப்பதோடு சரி. 'ஆர்ச்சைத் தொட்டு விழுகிறது, குளிக்கத் தடை' என்று எழுதுவேன். அருவிக்கு மேலே வளைவு கட்டியிருக்கும், தண்ணீர் அதைத் தொட்டால் குளிப்பவர்களைப் போலீஸ் வெளியேற்றிவிடும்.

கீழ்வீட்டு அம்மா ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தினார். "ஏட்டி, காலங்காத்தால எங்க போறே? வரும்போதும் சிரிச்சிக்கிட்டே போனைப் பாத்துக்கிட்டு வாறே. இந்த வயசுல மாப்பிள்ளை கிடைச்சிட்டானா?"

"தண்ணி விழுதான்னு பாக்கப் போறேன்" என்றேன்.

"விழுந்தா என்ன, விழாட்டி என்ன? நீ குளிக்கவா போறே?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கி ஓடினேன்.

அச்சன்புதூர்க்காரர் என்னை அண்ணாச்சி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். களஞ்சியத்தில் எல்லாருமே அப்படித்தான். என் புனைபெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியாது, தெரியாதபோது ஜனங்கள் ஆண் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை. பெண் என்று தெரிந்தால் முதலில் மரியாதையாக விசாரிப்பார்கள், பிறகு குடும்பத்தை விசாரிப்பார்கள், பிறகு தனியாகவா இருக்கிறீர்கள் என்பார்கள். அண்ணாச்சியை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அண்ணாச்சி என்றால் பின்னால் ஒரு வீடு நிறைய ஆட்கள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அவருக்குச் சொல்லித்தந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையிலான தூரத்தை ஒரு கட்டுரை தப்பாகச் சொல்லியிருந்தது, அதைச் சரியான சான்றோடு திருத்தினார். இலத்தூரைப் பற்றிய கட்டுரையில் இரண்டு தெரு மாறிப்போயிருந்தது, கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் தப்பு செய்வார். கட்டுரையின் அடியில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார். திருத்தத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில், "நான் அந்த வழியாத்தான் போவேன்" என்று எழுதுவார். நான் பொறுமையாகச் சரிசெய்வேன். ஆபீசில் என்னைப் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. அவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். இவர் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். மற்றவர்கள் போனபோது நினைத்ததுபோல இல்லை. இவர் போனால் எனக்கு நிஜமாகவே யாரும் இல்லை என்று தெரிந்தது.

பிறகு அவர் தானாக ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, 'ஏர்போர்ட் குளியல்'.

அவர்கள் தெருவில் உள்ள வழக்கம் அது. வளைகுடாவிலிருந்து வருகிறவன் திருவனந்தபுரத்தில் இறங்குவான். கார் ஆரியங்காவு மலை ஏறிப் புளியரையில் இறங்கிச் செங்கோட்டை வந்துவிடும். அங்கிருந்து வீடு பக்கம்தான். ஆனால் சீசனில் வந்தவன் நேராக வீட்டுக்குப் போகமாட்டான். காரைக் குற்றாலத்துக்குத் திருப்ப வேண்டும். மேலே பெட்டிகள் கட்டிய காரில் காவலுக்கு ஒருவன் உட்கார்ந்துகொள்ள, வந்தவன் விமானத்தில் வந்த சட்டையோடு அருவியில் போய் நிற்பான். பிறகு ஈரத் தலையோடு வீட்டு வாசலில் இறங்குவான். ஈரத் தலையோடு வந்தால்தான் வந்தான் என்று கணக்கு. அருவி காய்ந்த மாதத்தில் வருகிறவனைத் தெருவில், "சும்மா வந்திருக்கான்" என்பார்கள். பாலைவனத்துச் சூடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக இப்படி என்று பெரியவர்கள் சொல்வார்களாம்.

எழுத்துப்பிழை நிறைய. ஆனால் நல்ல கட்டுரை. கடைசி வரி இப்படி இருந்தது: 'நான் எப்ப கடைசியா இப்படி குளிச்சேன்னு எனக்கு ஞாபகம் இல்ல.'

அந்த வரியை நான் எடுத்தேன். எடுத்துவிட்டு, 'கட்டுரையில் நான், எனக்கு என்று வரக் கூடாது' என்று விளக்கினேன். "சரி அண்ணாச்சி. எனக்கு இல்லாம எழுதுதேன்" என்றார்.

கொஞ்ச நாளில் கட்டுரையின் தலையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு ஏறிவிட்டது. சான்று எதுவும் இல்லாததால் நீக்கப் பரிந்துரைக்கப்படுகிறது, ஒரு வாரம் உரையாடலாம் என்று. போட்டவர் வேறு ஊரில் இருக்கும் ஒரு மூத்த பங்களிப்பாளர். கெட்டவர் இல்லை, கறாரானவர். அவர் கறாராக இருப்பதால்தான் களஞ்சியத்தில் கண்டதும் சேராமல் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் புதியவர்களுக்கு அந்தச் சிவப்பு என்னவோ தங்கள் வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியதுபோலத்தான் தெரியும். இவர் பதறிப்போனார். "நான் பொய் சொல்லல. எங்க தெருவுல வந்து கேளுங்க" என்று உரையாடலில் எழுதினார். பிறகு, "அண்ணாச்சி, நீங்க அங்கனதானே இருக்கீங்க, நீங்க சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

அந்த வாரம் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அச்சில் வந்த ஒரு வரி கிடைத்தால் போதும். நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் சீசன் இணைப்புகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அருவி இருந்தது, அல்வா இருந்தது, நடிகர்கள் குளித்த படம் இருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து வந்தவன் ஒருவனும் இல்லை. அரை நாள் லீவு போட்டுச் செங்கோட்டைக்குப் போய்க் கார் ஸ்டாண்டில் கேட்டேன். அங்கிருந்த டிரைவர் ஒருவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ஆமா மேடம், அந்தத் தெருக்காரங்க சவாரின்னா அருவியில நிப்பாட்டாம வர முடியுமா? சீட்டெல்லாம் நனைச்சிருவானுவ. அதுக்குத் தனியா பிளாஸ்டிக் விரிப்பு வச்சிருக்கேன், பாக்குதீங்களா?"

"இது எதுலயாவது பத்திரிகையில வந்திருக்கா?"

"இதையெல்லாம் எவன் பத்திரிகையில போடுவான்? நான் சொல்லுதேன், எழுதிக்கோங்க."

விரிப்பைக் காட்டினார். பூப்போட்ட பிளாஸ்டிக். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் தொழிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் நஞ்சை நிலமே கை மாறிவிடும். களஞ்சியத்தில் ஒரு தெருவே திரண்டு வந்து சாட்சி சொன்னாலும் ஒரு வரி நிற்காது. இரண்டும் சரிதான் என்பதுதான் கொடுமை. ஒரு யோசனை வந்தது. நாளிதழில் வாசகர் பகுதிக்கு நானே இதை எழுதிப் போடலாம், வந்ததும் அதையே சான்றாகக் காட்டலாம். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் முதல் வரி கூட எழுதிவிட்டேன். மேலகரத்தில் இறங்கும்போது விட்டுவிட்டேன். புதிதாக வருபவர்கள் இந்தத் தந்திரத்தைச் செய்யும்போது பிடித்து அழிப்பவளே நான்தான்.

உரையாடல் முடிகிற நாளில் அந்த மூத்தவரும் கேட்டார்: 'நீங்கள் அந்தப் பக்கத்தவர். இது உண்மையா?' நான் எழுதினேன்: 'உண்மை. ஆனால் சான்று கிடைக்கவில்லை. நீக்கலாம்.'

இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

கட்டுரையை நீக்குமுன் அதை அவருடைய மணல்தொட்டிக்கு மாற்றி வைத்தேன். மணல்தொட்டி என்பது பழகிப் பார்க்க ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் சொந்தப் பக்கம், அங்கே யாரும் சான்று கேட்கமாட்டார்கள். நான் எடுத்த அந்தக் கடைசி வரியையும் அதில் திரும்பச் சேர்த்தேன். 'இங்கே பத்திரமாக இருக்கிறது, சான்று கிடைத்ததும் மறுபடி கொண்டுவரலாம்' என்று எழுதினேன். என் செய்தியை அவர் பார்த்தாரா என்று தெரியாது. அவர் அதற்கு முன்பே உரையாடலில் ஒரு வரி போட்டிருந்தார்: "சரி அண்ணாச்சி. நீங்களே சொல்லிட்டீங்க."

அதற்குப் பிறகு வரவில்லை.

நான் விடவில்லை. காலையில் அருவியைப் பார்ப்பேன், அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதுவேன். 'தண்ணீர் குறைந்துவிட்டது.' 'மறுபடி விழுகிறது.' 'ஐந்தருவியில் மூன்றுதான் விழுகிறது.' கேட்காதவருக்குச் சொல்லும் பதில்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் ஆர்ச் தெரியாமல் கொட்டியது, அதையும் எழுதினேன். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குளித்தார்கள். பங்குனியில் பாறை காய்ந்து வெறும் கறை மட்டும் நின்றது. அதை எழுத மனம் வரவில்லை. அன்றோடு எழுதுவதை நிறுத்தினேன், காலையில் போவதையும் நிறுத்தினேன்.

கோடை நீளமாக இருந்தது. வரவேற்புகளைப் போட்டேன். என் கையால் எழுதும் இரண்டு வரியை விட்டுவிட்டேன். மற்றவர்களைப்போலப் பொத்தானைத் தட்டிவிட்டுப் போகப் பழகினேன். அதில் ஒரு நிம்மதி கூட இருந்தது. சாயங்காலம் பால் காய்ச்சுவேன். தொண்டையைச் செருமிப் பார்ப்பேன். எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, ஒளிப்பானேன். ஒரு கட்டுரை போனால் என்ன, எனக்கு என்னவெல்லாமோ போயிருக்கிறது, நான் தினமும் வந்து உட்காரவில்லையா என்று மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். சண்டை போடவாவது ஆள் வேண்டும் என்று பிறகு தோன்றியது.

மறுபடி ஆனி வந்தது. இந்த வருஷம் சாரல் நன்றாகவே ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை, மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் எடுத்து வைத்தேன். கீழ்வீட்டு அம்மா பையைப் பார்த்தார். பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். குழந்தைகள் அலறிக்கொண்டிருந்தன. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் நின்றேன். தண்ணீர் தலையில் அடித்ததும் வலது கை தானாகப் பக்கத்தில் நீண்டு அம்மாவைத் தேடியது. நன்றாக அழுதேன். அருவிக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது, அங்கே எல்லாருடைய முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஈரத் தலையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வாசலில் யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் திங்கட்கிழமை, முகூர்த்த நாள் வேறு, ஆபீசில் பத்திரங்கள் குவிந்திருந்தன. மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். குற்றாலக் கட்டுரையில் யாரோ ஒரு புதியவர் எழுதியிருந்தார்: 'சார், ஃபால்ஸ்ல தண்ணி வருதா, ஃபேமிலியோட வரலாமா?' இந்த வருஷத்தின் முதல் ஆள். துடைத்துவிடலாம் என்று தொட்டேன். முடியவில்லை, ஏற்கெனவே வேறொருவர் துடைத்துவிட்டார் என்று வந்தது. எனக்கு முன்னால் அந்தக் கட்டுரையைத் துடைக்க இதுவரை யாரும் வந்ததில்லை. யார் என்று பார்த்தேன்.

அவர்தான்.

கேள்வி கேட்டவரின் பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். அச்சடித்த வரவேற்பு இருந்தது. அதற்குக் கீழே கையால் எழுதிய வரிகள் இருந்தன.

"வாங்க. கட்டுரைக்குள்ள கேள்வி கேக்கப்படாது, அதான் அழிச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க. தண்ணி நல்லா விழுது, பிள்ளையளோட வாங்க. நேத்து ஏர்போர்ட்டுல இருந்து வந்து நேரா அருவியில நின்னுட்டுத்தான் நானே வீட்டுக்குப் போனேன். இதுக்குச் சான்று கெடையாது. உங்க ஊரைப் பத்தி எழுதணும்னா சொல்லுங்க, சொல்லித் தாரேன். கஷ்டம் இல்ல. எனக்கும் ஒரு அண்ணாச்சி இப்படித்தான் சொல்லித் தந்தாக. நான் கோவிச்சிக்கிட்டுப் போன பெறகும் தண்ணி விழுதா இல்லையான்னு தெனம் எழுதிப் போட்டாக. அதைப் பாத்துத்தான் மறுபடி லீவு கேட்டேன்."

கையெழுத்தைச் சரியான இடத்தில் போட்டிருந்தார்.

திரும்பத் திரும்பப் படித்தேன். சோறு ஆறிப்போயிற்று. உள்ளேயிருந்து பத்திர எழுத்தர் அண்ணாச்சி, "யம்மா, அந்தக் கிழக்கு எல்லை என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். "அடிக்கேன் அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

அவருடைய பேச்சுப் பக்கத்துக்குப் போனேன். பங்குனிக்குப் பிறகு நான் திறக்காத பக்கம். களஞ்சியத்தில் இத்தனை காலமும் நான் எழுதியது எல்லாம் பத்திரத்தில் எழுதும் தமிழ்தான், பேச்சுத் தமிழில் ஒரு சொல் எழுதியதில்லை. இப்போது வேறு மாதிரி வந்தது. ஒரே வரிதான். அடித்துவிட்டு, கையெழுத்தைப் போட்டு, யோசிக்க நேரம் கொடுக்காமல் சேமி என்பதைத் தொட்டேன்.

"நேத்து நானும் அங்கனதான் நின்னேன், பொம்பளைங்க பக்கம்."